தோடி வரை நின்ற குளிசை

மருந்துக்கடை வைத்தவனுக்கு ஒன்று தெரியும்: தலையிடிக்காரன் மெல்ல நடந்து வருவான், காய்ச்சல்காரனைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், வயிற்றோட்டக்காரன் மட்டும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வருவான். எண்பதுகளின் நடுவில், மானிப்பாயில், கடைக்குப் பின்னால் கக்கூஸ் இருந்ததால்தான் எனக்கு வியாபாரம் நடந்தது என்று பொறாமைக்காரர் சொல்வார்கள். நாலு பேர் பார்த்தாலே அடிவயிறு முறுக்கும் அன்பர்களே, இது உங்களுக்குத்தான்.

நிற்காத பஸ்

எந்த மருந்து திறம் என்று ஒப்பிட டொக்டர்மாரிடம் ஒரு முறை உண்டு. எங்கள் சனத்திடம் வேறு. புத்தூர்த் தோட்டக்காரர் சின்னத்தம்பி பஸ் தரிப்பால் அளப்பார். மருந்தில்லாமல் ஏறினால் நீர்வேலியில் இறங்கிப் பற்றைக்குள் ஓட்டம். மாதுளங்கோது அவித்துக் குடித்தால் கோப்பாய் வரை தாங்கும். ஒருநாள் வயிற்றோட்டத்தைக் கட்டும் லோப்பரமைட் குளிசை கொடுத்து அனுப்பினேன். அடுத்த கிழமை, அன்றிலிருந்து ஒன்றும் போகாத வயிற்றைத் தடவியபடி வந்து நின்றார்.

"தம்பி, உது நிப்பாட்டாத பஸ்ஸெல்லே. எங்கை இறங்கிறதெண்டும் சொல்லித் தந்திருக்கலாம்."

கல்யாணியும் தோடியும்

அளவெட்டி நாதஸ்வரக்காரர் வேலாயுதம் ராகத்தால் அளப்பார். வீட்டில் நாள் முழுக்க ஊதினாலும் அவருக்கு ஒன்றுமில்லை. சபையில் சீவாளியை உதட்டில் வைத்தால் வயிறு முந்திக்கொள்ளும். குடலில் ஒரு குறையும் இல்லை, குடலுக்குப் பதட்டம் என்று டொக்டர் சொன்னார். ஊர்க் கோயிலின் போன இரண்டு திருவிழாவிலும், தேர் வடக்கு வீதிக்குத் திரும்பமுன் ஆள் வாழைத்தோட்டத்துக்குள். இந்த முறையும் ஓடினால் மேளத்தை வேறு ஊராருக்குக் கொடுத்துவிடுவேன் என்று தர்மகர்த்தா சொல்லிவிட்டார். தகப்பன் காலத்திலிருந்து வந்த உரிமை.

சின்னத்தம்பியின் கதி தெரிந்ததால் பாதிக் குளிசை கொடுத்தேன். ஒரு கலியாண வீட்டில் சோதித்துவிட்டு வந்தார்.

"அண்ணை, கல்யாணி முழுக்க நிண்டது. தோடியிலை காந்தாரத்தை அசைக்கேக்கை விட்டிட்டுது."

உமியும் உறக்கமும்

டொக்டர் அடுத்து இசப்புகோல் உமி எழுதினார். தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டியது. அவசரத்தில் வேலாயுதம் அப்படியே வாயில் கொட்டிக்கொண்டு மல்லாரி தொடங்க, நாதஸ்வரத்தின் எல்லாத் துளையாலும் கஞ்சி வந்ததாகத் தவில்காரர் சத்தியம் பண்ணினார். நான் தவில்காரரை நம்புகிறவன்.

பிறகு நரம்புக் குளிசை. வயிறு அடங்கியது, ஆளும் அடங்கினார். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்துக்குப் பதிலாகத் தாலாட்டு ராகமான நீலாம்பரி வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடியே நித்திரை. மறுநாள் பெண்ணின் தகப்பன் கடைக்கே வந்துவிட்டார்.

"மருந்து குடிச்சது மேளகாரன். மாப்பிள்ளையை ஆர் எழுப்பிறது?"

தேர்

தேரன்று கடையில் மிஞ்சியிருந்த ஒரேயொரு லோப்பரமைட்டை வேட்டி மடியில் முடிந்துகொண்டு போனேன். தோடி தொடங்கமுன் கொடுப்பதாகப் பேச்சு. தேர் வடக்கு வீதிக்குத் திரும்பியது. கல்யாணி முடிந்தது. வேலாயுதம் என்னைப் பார்த்தார், நெற்றியெல்லாம் வேர்வை. நான் மடியை அவிழ்த்தேன். அந்த நேரம் பனைகளுக்கு மேலால் ராணுவ ஹெலிகொப்டர் வந்து சுடத் தொடங்கியது. வடம் பிடித்தவர்கள், ஐயர், தவில்காரர் எல்லாரும் ஓட்டம். நான்தான் முதலில் ஓடினேன் என்று இன்றும் சொல்கிறார்கள்; எனக்கு முன்னால் ஓடின தர்மகர்த்தாவின் முதுகை நான் கண்டேன்.

வாழைகளுக்குள் குந்தியிருந்து கேட்டோம். வெறும் வீதியில் தோடி வருகிறது. காந்தாரம் அசைந்து அசைந்து நிற்கிறது. ஒரு தேங்காய்க்கும் சேதமில்லாமல் ஹெலி போய்விட்டது, தோடி போகவில்லை. தர்மகர்த்தா வேட்டியைத் தட்டிக்கொண்டு எழும்பி, "மேளம் இனி உவனுக்குத்தான்" என்றார்.

நான் ஓடிப்போய், "எப்பிடியடாப்பா நிண்டனீ?" என்று கேட்டேன்.

"பாக்க ஒருத்தரும் இல்லை, அண்ணை. வீட்டிலை நிக்கிறன் எண்டு வயிறு நினைச்சிட்டுது." கையை நீட்டினார். "குளிசையைத் தாங்கோ, சனம் திரும்பி வருகுது."

வாயைத் துடைத்துக்கொண்டு குளிசை இல்லை என்றேன். வாழைத்தோட்டத்தைப் பார்த்தார். அவிழ்ந்திருந்த என் மடியைப் பார்த்தார்.

"சரி, உங்களுக்கு எந்த ராகம் வரைக்கும் நிண்டது?"

என் அலுமாரியில் இருந்த மருந்தையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தவன் சொல்கிறேன்: வயிற்றைக் கட்ட ஆளில்லாத வீதியைப் போலத் திறமான சாமான் வேறில்லை, ஆனால் அதைப் போத்தலில் அடைத்து விற்க ஒரு கொம்பனிக்காரனுக்கும் இன்னும் புத்தி வரவில்லை.