எலிப்பாட்டின் மறுபக்கம்

கிராமபோன் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றும் அந்தக் கரகர சத்தம் கேட்டால் நான் இன்றைக்கும் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுவேன். நல்ல காலம், இப்போது அந்தப் பெட்டி ஒருவர் வீட்டிலும் இல்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்து இணுவிலில் இருந்தோம். ஐயாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை றெயிலில் வருவார். ஒருமுறை வரும்போது வழக்கமான மஸ்கற் இனிப்புப் பெட்டியைக் காணவில்லை. அதற்குப் பதிலாகத் துவாய்த் துண்டில் சுற்றி ஒரு இசைத்தட்டு. தியேட்டரில் அவர் பார்த்த கார்ட்டூன் படப் பாட்டுகளை ஜாஸ்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வளைத்து நெளித்து வாசித்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. இரண்டு பக்கமும் நடுவில் ஒரே மாதிரிப் பச்சை வட்டம், பொன் எழுத்து. வாசிக்கத் தெரியாத ஆளுக்கு எந்தப் பக்கம் எது என்று தெரியாது.

ஒரு பக்கம் எங்களுக்கு எலிப்பாட்டு. படத்தில் ஒரு எலிக் குடும்பம் நிலாவுக்கு ஏற ஏணி கட்டுமாம். மறுபக்கம், திமிங்கிலம் தன் குட்டியை நித்திரையாக்கும் பாட்டு. அது ஆறுதலாக அசைந்து அசைந்து போகும். அதை யார் போட விட்டது? ஐந்து வயதுத் தங்கச்சிக்கு எலிகள்தான் வேண்டும்.

ஐயா வீட்டில் நிற்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் வரை எலிகள்தான். பாட்டின் நடுவில் ஏணி சரிந்து தகப்பன் எலி விழும். அந்த இடத்தில் வாத்தியங்கள் எல்லாம் டக்கென்று நின்றுவிடும். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இராது. பிறகு ட்ரம் மட்டும் தடதடவென்று விழும், அதன் மேல் ட்ரம்பெட் ஏறும். தங்கச்சி அந்த ஒரு மூச்சுக்கும் அசையாமல் நின்று, "விழுந்திட்டார்!" என்று கத்திக்கொண்டு பாயில் தொப்பென்று விழுவாள். ஐயா கன்னத்தை உப்பிக்கொண்டு ட்ரம்பெட் ஊதுவார். அம்மா குசினியிலிருந்து, "உந்தக் கோதாரியை நிப்பாட்டுங்கோ, சனம் என்ன நினைக்கும்!" என்பார். ஆனால் தேங்காய் துருவும் கை பாட்டின் தாளத்துக்குத்தான் போகும். நான் எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன். "போடி அங்காலை" என்று சிரிப்பார்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது தங்கச்சிக்குச் சின்னமுத்து, அதுதான் தட்டம்மை, போட்டது. எங்களூரில் அதை வருத்தம் என்று சொல்லமாட்டார்கள். அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி அவ. வேலிப் படலையில் வேப்பங்குழை கட்டியாயிற்று. தாளிப்பு இல்லை, பொரியல் இல்லை, உரத்த கதை இல்லை. மூன்று முறை தலைக்குத் தண்ணீர் வார்த்து முடியும் வரை வீடு அடங்கிக் கிடக்க வேண்டும். அடுத்த வளவில் இருந்த மாமி, ஐயாவின் தமக்கை, வேலிக்கு அப்பால் நின்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, அந்தப் பாட்டுப் பெட்டியைத் தொட்டுப்போடாதை. அம்மாள் இருக்கிற வீட்டிலை ஆட்டம் பாட்டம் கூடாது. பண்டத்தரிப்பிலை ஒரு வீட்டிலை றேடியோ போட்டதுக்கு அந்தப் பெடிச்சியின்ரை கண் போனது, தெரியுமே?"

நான் உள்ளே ஓடினேன். பெட்டிக்கு மேல் ஒரு சீலையைப் போட்டு மூடிவிட்டேன்.

மூன்றாம் நாள் அம்மா கிணற்றடிக்குப் போன நேரம் தங்கச்சி வேப்பிலைப் படுக்கையில் சிணுங்கத் தொடங்கினாள். உடம்பெல்லாம் சிவப்பு. "அக்கா, எலி. ஒருக்கா அக்கா. ஒரேயொருக்கா." நான் முதலில் ஏசினேன். சும்மா கிட என்றேன். அவள் அழவில்லை. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நான் எழும்பிச் சீலையை விலக்கினேன். பெட்டியின் வாய்க்குள் துவாயை அடைத்து, கிசுகிசுப்பாக எலிப்பாட்டைப் போட்டேன். ஏணி சரியும் இடத்தில் அவளால் எழும்ப முடியவில்லை. படுத்தபடியே, "விழுந்திட்டார்" என்று சொல்லிச் சிரித்தாள். கிணற்றுத் துலா இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் அம்மா வரமாட்டார் என்று எனக்குத் துணிவு.

அன்று பொழுதுபடக் காய்ச்சல் ஏறியது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கூப்பிட்டால் கண் மேலே செருகியது. அம்மா, "ஐயோ அம்மாளாச்சி, என்ன பிழை விட்டம்?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். என்ன பிழை என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். மாமி வேலிக்கு அப்பால் நிற்பது தெரிந்து நான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. ஆசுபத்திரி அப்போதிக்கரி வந்து பார்த்துவிட்டு, காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது, நாலு நாள் போனால்தான் சொல்லலாம் என்றார். தந்தி கண்டு ஐயா வந்து இறங்கினார்.

நான் சாமி அறையில் போய் நின்று நேர்ந்தேன். அம்மாளே, அவளை விட்டுவிடு. எலிப்பாட்டை இனிச் செத்தாலும் போடமாட்டேன். வேண்டுமென்றால் என் கண்ணை எடு. சொல்லி முடித்ததும் அது பலித்துவிடுமோ என்று பயந்து, கண்ணை இறுக்கி மூடித் திறந்து பார்த்தேன். நான் அவ்வளவு கோழை.

ஐந்தாம் நாள் அவள் கண் விழித்துக் கஞ்சி கேட்டாள். வீடே உயிர் பெற்றது. நான் முதலில் அவளுடைய கண்களைத்தான் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணுக்கு ஒன்றுமில்லை. அம்மாள் என்னை மன்னித்துவிட்டா என்று நினைத்தேன்.

பிறகுதான் மற்றது தொடங்கியது. பின்னால் நின்று கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. "களைப்பு" என்றார் அம்மா. "காய்ச்சல் கிடந்த பிள்ளையெல்லே" என்றார் ஐயா. ஒருநாள் அவள் பூனைக்குட்டியோடு இருக்கும்போது நான் அவளுக்குப் பின்னால் தகரப் பேணி மூடியை நிலத்தில் போட்டேன். பூனைக்குட்டி பாய்ந்து ஓடியது. அவள் பூனை ஏன் ஓடுகிறது என்று பார்த்தாள். நான் மூடியைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம். அம்மாவும் ஐயாவும் தங்களுக்குள் இப்படி எத்தனை மூடி போட்டுப் பார்த்தார்களோ, அவர்களும் எனக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் தண்ணீர் வார்த்த அன்று வேப்பங்குழையை அவிழ்த்தார்கள். அம்மா கடுகு தாளித்தார். சாப்பாடு முடிந்ததும் ஐயா பெட்டி மேலிருந்த சீலையை இழுத்தார்.

"பாட்டைப் போடு பிள்ளை. கேட்டவுடனை எழும்பி ஆடுவாள், இருந்து பார்."

குரல் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் தட்டை என்னிடம் நீட்டும்போது அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கதவடியில் நின்றார். தங்கச்சி பெட்டியைக் கண்டதும் ஓடி வந்து அதற்கு முன்னால் சம்மாணம் கட்டி உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு நேர்த்திக்கடன். எலிப்பாட்டைப் போட்டால் அம்மாள் திரும்பி வந்துவிடுவா. தட்டைப் புரட்டி மறுபக்கத்தைப் போட்டேன். திமிங்கிலம் ஆறுதலாக அசையத் தொடங்கியது.

தங்கச்சி சுழலும் பச்சை வட்டத்தையே பார்த்தாள். பிறகு எழும்பினாள். துள்ளத் தொடங்கினாள்.

"ஆடுறாள்! பாத்தியே, ஆடுறாள்!" என்றார் ஐயா.

அவள் எலிகளின் வேகத்துக்கு ஆடினாள். பாட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஐயாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. "ஏன் பிள்ளை இந்தப் பக்கத்தைப் போட்டனி?" என்று என்னிடம் கேட்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். அதன் பிறகு அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் இன்று வரை சொல்லவில்லை.

தங்கச்சி டக்கென்று நின்றாள். ஒரு மூச்சு அசையவில்லை.

"விழுந்திட்டார்!" என்று கத்திக்கொண்டு பாயில் தொப்பென்று விழுந்தாள். திமிங்கிலம் பாடிக்கொண்டே இருந்தது. அவள் படுத்தபடி ஐயாவைப் பார்த்தாள். ட்ரம்பெட் எங்கே என்று கேட்கும் பார்வை.

ஐயா சுழலும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் கதவடியிலிருந்து வந்து அவருடைய தோளைத் தொட்டார்.

"இஞ்சருங்கோ, ஊதுங்கோ. பிள்ளை பாத்துக்கொண்டெல்லே கிடக்கிறாள். ஊதுங்கோ."

ஐயா கன்னத்தை உப்பினார். அவருடைய வாயிலிருந்து சத்தம் வரவில்லை. தங்கச்சி கை தட்டிச் சிரித்தாள்.