காகப் படத்துக்கு வந்த நோட்டீஸ்

அறிவுசார் சொத்துச் சட்டம் படித்தவரிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியாத சொத்துக்கு வேலி போட்டுத் தரவேண்டும். கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் என்னோடு அவதிப்படும் சக சட்டத்தரணிகளே, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும்.

சொந்தக்காரிக்கே கடிதம்

கொச்சிக்கடை ஓவியர் ஜெசிந்தா அக்கா ஒரு கடிதத்தோடு வந்தார். துறைமுகக் கிரேனில் காகம் கூடு கட்டும் படமொன்றை வரைந்து, முகநூலில் போட்டு, புதுவருடக் கலண்டராகவும் அச்சுக்குக் கொடுத்திருந்தார். யாரோ அதைச் சுட்டு என்.எஃப்.டி. ஆக்கி, அதாவது இணையத்தில் பதிவாகும் டிஜிட்டல் டோக்கனாக்கி, விற்றுவிட்டார்கள். வாங்கியவர் சுதர்சன் என்ற ஹெவ்லொக் டவுன்காரர். கடிதம் அனுப்பியவரும் அவர்தான். படம் தனக்கே சொந்தமாம். கலண்டரை நிறுத்தாவிட்டால் வழக்காம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அக்கா மெதுவாகக் கேட்டார்:

"மிஸ், என்ர காகத்தை விக்க நான் ஆரிட்டப் பெர்மிஷன் எடுக்கோணும்?"

பதிவு எங்கே?

விஷயம் தெரிந்ததும் கொட்டாஞ்சேனை அச்சக முதலாளி, அச்சடித்த கலண்டர்களைத் தரமாட்டேன் என்றார். பதிப்புரிமையைப் பதிவு செய்த சான்றிதழ் வேண்டுமாம். வரைந்த கணமே உரிமை பிறந்துவிடும், பதிவே தேவையில்லை என்று தொண்டை வறளச் சொன்னேன். மனிதர் நம்பவில்லை. அக்கா தன் பென்சில் வரைவுகளை மேசையில் பரப்பினார். ஒன்பது தாள்கள். முதல் தாளில் காகம் கொக்குப் போலிருந்தது. முதலாளி இளகினார், சுதர்சன் கடிதத்தை வாபஸ் வாங்கினால் அன்றே தருவதாக ஒப்புக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"களவெடுக்கிறவன் இவ்வளவு பிழையாக் கீறிப் பழகமாட்டான், மிஸ்."

கையெழுத்து

சுதர்சனை அலுவலகத்துக்கு அழைத்தேன். கைப்பேசியைத் தட்டித் தட்டி டோக்கனைக் காட்டினார். "டோக்கன் உங்கடதான். பதிப்புரிமையைத் தந்ததா ஓவியர் சைன் பண்ணின கடுதாசி எங்க?" என்றேன். மேலே தேடினார், கீழே தேடினார். விற்றவர் ஓவியரே இல்லை என்றதும் முகம் வெளுத்தது. ஒன்பது தாள்களையும் பார்த்துவிட்டு, அங்கேயே வாபஸ் எழுதித் தந்தார். என் முறைப்பாட்டைப் பார்த்து டோக்கன் விற்ற இணையத்தளமும் படத்தை இறக்கிவிட்டது. எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது.

மறுநாள் கலண்டர்கள் விற்பனைக்கு வந்தன. முதல் ஆளாக வந்து நின்றவர் சுதர்சன். அக்கா ஒன்றைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

"தம்பி, கலண்டர் உமக்கு. படம் எனக்கு. விளங்கிச்சோ?"

நான் வருடக்கணக்காகப் படித்த சட்டத்தை அக்கா ஒரு கலண்டரைச் சுருட்டும் நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தது மட்டும் நான்.