வயல் பார்க்க வரும் தெரூயோ

மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு முறை ஹாரன் அடிக்கிறார் தெரூயோ. எதிரே வண்டி வந்துவிடும் என்ற பயமெல்லாம் இல்லை. அந்தப் பாதையில் இவர் வண்டியை விட்டால் தபால்காரர் வண்டிதான். ஹாரன், மேலே வயலில் இருப்பவர்களுக்கு. நகராட்சியிலிருந்து வயல் பார்க்க ஆள் வருகிற நாளில்தான் வரப்புப் புல் ஞாபகத்துக்கு வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஹாரன் கேட்டதும் புல்வெட்டும் மெஷின்களின் இரைச்சல் மும்முரமாகும்.

"நான் போய்ச் சேர்றதுக்குள்ள முடிச்சா அது அவங்க சாமர்த்தியம். எனக்கு வேண்டியது வெட்டின புல்லு. எப்ப வெட்டினேன்னு யாரையும் கேக்கச் சொல்லி சட்டத்துல இல்ல" என்பார்.

கத்சுபே தெரூயோ என்ற இந்தப் பெண்மணிக்கு ஐம்பத்தெட்டு வயது. ஷிமானே மலைகளுக்கு நடுவே உள்ள சின்ன நகராட்சியில், விவசாயப் பிரிவில் வேலை. குள்ளமான உருவம், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் துண்டு, இடுப்பில் ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் கொசுவத்திச் சுருள் புகைந்துகொண்டே இருக்கும். ஆள் வளைவு திரும்பும் முன்பே வாசனை வந்துவிடும். "தெரூயோ-சான் வந்தா கொசுவும் ஓடுது, நாங்களும் ஓடறோம்" என்று ஊர்க்காரர்கள் மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்தே கேலி செய்வதுண்டு. அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ரோட்டில் நின்றபடி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஆள் அல்ல. ஒவ்வொரு வரப்பிலும் நடப்பார். குதிகாலால் அங்கங்கே அழுத்திப் பார்ப்பார். கால் புதைந்தால் அடியில் எலி வளை இருக்கிறது, தண்ணீர் கீழ் வயலுக்குக் கசிகிறது என்று பொருள்.

காய்கறி விஷயத்தில் மட்டும் அவர் தோற்றுப்போன மனுஷி. யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்பது அலுவலக விதி. நேரில் நீட்டினால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ஊர்க்காரர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். வெயிலுக்காகக் கண்ணாடியை இறக்கி விட்டிருக்கும் வண்டிக்குள் கத்தரிக்காயும் வெள்ளரிக்காயும் வந்து விழும். ஒருமுறை பார்க்காமல் தக்காளி மேலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று முழுவதும் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டே வயல் பார்த்தார். சேர்ந்ததையெல்லாம் அலுவலக வாசலில் ஒரு பெட்டியில் கொட்டி, யார் வேண்டுமானாலும் எடுக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

அவர் பார்க்கப் போவது இதைத்தான். மலைச்சரிவில் அடுக்கு வயல் வைத்திருக்கும் ஊர்கள், ஊரோடு ஊராகச் சேர்ந்து நகராட்சிக்கு ஐந்து வருஷ வாக்குக் கொடுக்கின்றன. எந்த வயலையும் காடாக விடமாட்டோம், வாய்க்காலைத் தூர்வாருவோம், வரப்பு சரியாமல் பார்த்துக்கொள்வோம் என்று. நெல் நடாவிட்டாலும் பாதகமில்லை, புல் வெட்டி வைத்திருந்தால் போதும். அதற்கு வரும் அரசு உதவியில்தான் ஊர் காட்டுப்பன்றிக்கு வேலி கட்டுகிறது, இடிந்த மதகைச் சரிசெய்கிறது. ஒரே ஒரு வயல் காடாகிப் போனாலும் வாக்கு முறிந்ததாகக் கணக்கு. உதவி ஊர் மொத்தத்துக்கும் நின்றுவிடும்.

அப்படி ஓர் ஊருக்கு உதவி அவர் கையாலேயே நின்றுபோனது. இக்கெனொஉச்சி என்ற ஊரில் ஒரு வயலில் ஆளுயர நாணல். உள்ளதை உள்ளபடி எழுதினார். இரண்டு வருஷத்தில் வேலி சரிந்தது, பன்றிகள் இறங்கின, மிச்சமிருந்தவர்களும் நடவை விட்டார்கள். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி இப்போது நகரத்தில் பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிறாள். தெரூயோ வண்டி வந்தால் கண்ணாடியைத் துடைப்பாள், டேங்க்கை நிரப்புவாள், தொப்பியைக் கழற்றி வணங்குவாள். மழை வரும்போல இருக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வானிலை பேசுகிற ஊரில் அதைவிடப் பெரிய கோபம் கிடையாது. தெரூயோவுக்கு அது வலிக்கிறது. பங்க்கை மட்டும் மாற்றவில்லை.

இந்த செப்டம்பரில் அவர் கடைசியாகப் போன ஊர் ஒக்குதானி. அன்று சாயங்காலத்துக்குள் எல்லா ஊர் முடிவும் மேலிடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஊர்த்தலைவர் கடோவாக்கி கூடவே வந்தார். கீழ் வயல்களில் நெல் பழுத்துச் சாய்ந்திருந்தது. வரப்பெல்லாம் முகம் மழித்த மாதிரி சுத்தம். தலைவர் வழிநெடுக நெல்லைப் பற்றி, வெயிலைப் பற்றி, பேத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். மேலே ஏற ஏற அவர் பேச்சு குறைந்தது. கடைசி அடுக்கு வந்ததும் சங்கடத்தோடு பல்லிடுக்கில் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

வயல் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. நாணலும் கொடியும் இடுப்புக்கு மேலே. வாய்க்கால் தண்ணீர் முதலில் வந்து சேர்வது அந்த வயலின் தலைமாட்டில்தான். கொடி ஏற்கனவே மடைவாயைப் பிடித்திருந்தது.

"மேல்வீட்டு வயல்" என்றார் தலைவர். இங்கே ஆட்களை வீட்டுப் பெயரால்தான் சொல்வார்கள். மேல்வீடு என்றால் இத்தோஹாரா யசுஜி. "வசந்தத்துல விழுந்து இடுப்புல அடி. அடுத்த வாரம் வெட்டிடுறேன், அடுத்த வாரம் வெட்டிடுறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

"நீங்க யாரும் வெட்டிக் கொடுக்கலியா?"

"அவரு கேக்கலியே, தெரூயோ-சான். கேக்காம இன்னொருத்தர் வயல்ல மெஷினோட இறங்கினா, 'உன்னால முடியாது, நீ ஒதுங்கு'ன்னு ஊர் முன்னால சொன்ன மாதிரி ஆயிடும். 'எங்க வீட்டு மெஷின் சும்மாதான் கெடக்கு'ன்னு ஜாடையா சொல்லிப் பாத்தேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"'நல்ல மெஷினாச்சே'ன்னாரு."

கோடை முழுக்க ஊரே அந்த வயலைப் பார்த்துக்கொண்டு கடந்து போயிருக்கிறது. அவர் கேட்பார் என்று இவர்களும், இவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று அவரும். ஒருவருக்கொருவர் மரியாதை செய்தே ஊரைக் காட்டுக்குத் தாரைவார்க்கப் பார்த்தார்கள்.

மேல்வீட்டு வாசலில் யசுஜி காத்திருந்தார். எண்பதைத் தாண்டிய மனிதர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நடக்கத் துணைக்கு வைத்திருந்த சின்னத் தள்ளுவண்டியைப் பிடித்தபடி முடிந்தவரை குனிந்து வணங்கினார். அலுவலகத்திலிருந்து வருவார்கள், தலைகுனிய வேண்டியிருக்கும் என்று காலையிலேயே உடுத்தித் தயாராகியிருந்தார்.

"தப்பு என்னோடது. காடாயிடுச்சுன்னே எழுதிடுங்க. நான் வீடு வீடாப் போய் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

தெரூயோவுக்குக் கோபமே வராது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"நீங்க வீடு வீடாத் தலை குனிஞ்சா காட்டுப்பன்றி திரும்பிப் போயிடுமா, யசுஜி-சான்?"

தலைவர் தரையைப் பார்த்தார். தன் குரலைக் கேட்டுத் தெரூயோவுக்கே தூக்கிவாரிப்போட்டது. துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, வாசல் கல்லில் உட்கார்ந்தார்.

"மன்னிப்புக் கேக்க வீடு வீடாப் போவீங்க. உதவி கேக்க ஒரு வார்த்தை வராதா?"

"அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை. அறுவடை நேரம் வேற."

"வயலுக்குள்ள இறங்கிப் பாக்காம நான் போக முடியாது. இப்ப இறங்கினா நான் எழுதப் போறது உங்களுக்கே தெரியும். அலுவலகம் நாலு மணிக்கு மேலயும் திறந்திருக்கும், நான் கொஞ்சம் பொறுத்தும் இறங்கலாம். நான் கேட்டா நகராட்சி உத்தரவு போட்ட மாதிரி. தலைவர் கேட்டா உங்களை ஒதுக்கின மாதிரி. வயல்காரர் நீங்க கேட்டா மட்டும்தான் அது வெறும் உதவி."

யசுஜி தள்ளுவண்டியின் பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்படிக் கேக்கறது?" என்றார் கடைசியில். விளையாட்டில்லை, உண்மையாகவே கேட்டார்.

"எனக்கும் தெரியாது. நானும் யார்கிட்டயும் கேட்டதில்ல" என்றார் தெரூயோ.

தலைவர் சட்டைப் பையில் சாவியைத் துழாவினார். பக்கத்திலேயே ஊர்ப் பொதுக்கூடம். அங்கே ஊர் ஒலிபெருக்கியின் மைக் இருக்கிறது. வாய்க்கால் வேலை, வெள்ள எச்சரிக்கை, சாவு, எல்லாவற்றையும் தலைவர்தான் அதில் அறிவிப்பார். அன்று அவர் கதவைத் திறந்து, பொத்தானை அழுத்தி மைக்கை யசுஜியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

தெரூயோ மேல் வயலுக்குத் திரும்பி வந்து நின்றிருந்தபோது மலை முழுக்க யாரோ மைக்கில் ஊதுவது கேட்டது. பிறகு ஒரு இருமல்.

"மேல்வீடு பேசறேன். இன்னிக்கு நல்ல வெயில். அறுவடை வேலைல இருக்கறவங்களுக்குத் தொந்தரவு கொடுக்கறேன், மன்னிக்கணும்." மைக்கை அணைத்துவிட்டார் போல என்று தெரூயோ நினைத்தார். "மேல் வயல் புல்லு... என்னால முடியல. வசந்தத்துலருந்தே முடியல. யாராவது வந்து..."

அவர் முடிக்கவில்லை. கீழே எங்கோ ஒரு மெஷின் உறுமியது. அடுத்து இன்னொன்று. சின்ன லாரிகள் வளைவில் ஏறி வந்தன. பின்னால் புல்வெட்டிகள் கயிறு போட்டுக் கட்டித் தயாராக இருந்தன. மில் வீட்டுப் பெண் முழங்கால் கவசமும் முகக் கண்ணாடியும் மாட்டியபடியே இறங்கினாள். இந்த நேரத்துக்குள் யாரும் பெட்ரோல் ஊற்றி, பிளேடு மாட்டி வர முடியாது. எத்தனை நாளாகக் கட்டி வைத்திருந்தார்களோ!

"வர்றதுக்கு நேரமாயிடுச்சு" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நாணலுக்குள் இறங்கினார்கள். மடைவாயைத் தலைவர் எடுத்துக்கொண்டார். யசுஜி தள்ளுவண்டியோடு மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தார். ஒவ்வொருவரையும் பார்த்துக் குனிந்தார். அவர்கள் மெஷினை நிறுத்தாமலேயே பதிலுக்குக் குனிந்தார்கள். வெள்ளைச் சட்டையெல்லாம் பச்சைத் துணுக்குகள். கன்னத்தில் ஒட்டியிருந்ததை அவர் துடைக்கவில்லை.

மில் வீட்டுப் பெண் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கூப்பிட்டாள். "தெரூயோ-சான், எப்படி? ஒழுங்கா வெட்டறோமா?"

"நான் இன்னும் வயலைப் பாக்கவே இல்ல" என்றார் தெரூயோ. அவர் வயலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கடைசி மெஷின் ஓயும் வரை எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.