கைமாறாத பாங்க்

ஞாயிறு பூசை முடிந்ததும் உப்பளம் பகுதியில் இருந்த பெரியப்பா வீட்டுக்குப் போய்விடுவோம். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பட்டாளத்தில் அவர் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது சீட்டாட்டம் மட்டும்தான் என்று பெரியம்மா சொல்வாள். ஆட்டத்தின் பெயர் வேந்த்தேயன். பிரெஞ்சில் இருபத்தொன்று. கையிலிருக்கும் சீட்டுகளின் கூட்டு இருபத்தொன்றை நெருங்க வேண்டும், தாண்டினால் போச்சு. ஆசுக்கு ஒன்றோ பதினொன்றோ, படச் சீட்டுக்குப் பத்து. சீட்டுப் போடுகிறவர்தான் பாங்க். மற்றவர்கள் அவரை எதிர்த்து ஆட வேண்டும். பந்தயம் வறுத்த பட்டாணி. தோற்பதற்கு முன்பே பாதியைத் தின்றிருப்போம்.

முதல் இரண்டு சீட்டிலேயே ஆசும் ராஜாவும் போல இருபத்தொன்று விழுந்துவிட்டால், பாங்க் அவருக்குக் கைமாறும். அண்ணனும் அக்காவும் பலமுறை பாங்க் ஆகியிருந்தார்கள். எனக்கு மட்டும் வாய்க்கவே இல்லை.

அந்த வருடம் பெரியப்பா பிரான்சில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கிவிட்டு வந்தார். வந்த பிறகு ஆடிய முதல் ஞாயிறு எனக்கு ஆசும் ராணியும் விழுந்தன. கட்டுக்குக் கை நீட்டினேன். பெரியப்பா தரவில்லை.

“இனிமே பாங்க் மாறாது பாப்பா. காசினோல அப்பிடித்தான். ஆடுறவன் வருவான், போவான். சீட்டுப் போடுறவன் போட்டுக்கினே இருப்பான்.”

எங்கள் ஆட்டம்தான் கடல் தாண்டி அமெரிக்கா போய் பிளாக்ஜாக் ஆயிற்று என்று விளக்கினார். ஸ்பேட் ஆசோடு கறுப்பு ஜாக்கி சேர்ந்தால் கூடுதல் பரிசு என்று ஆசை காட்டிக் கூட்டம் சேர்த்ததில் வந்த பெயராம். பாங்க் முதலாளியிடமே நின்றுவிட்டதும் காசினோவில்தானாம். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

போன வாரத்திலிருந்து அந்த விளக்கம் என்னை விடமாட்டேன் என்கிறது. என் மகனுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். அவனுடைய செல்போனில் அதே ஆட்டம், பணம் வைத்து. பழுது பார்க்க விட்டிருப்பதாக அவன் சொன்ன வண்டி விற்றுப்போய் மாதங்கள் ஆகின்றன. செல்போனில் சீட்டுப் போட ஆள்கூட இல்லை. எழுந்து போகச் சொல்லவும் யாரும் இல்லை. “இது கணக்கும்மா, உனக்குப் புரியாது” என்றான். அவன் அப்பா கணக்கு வாத்தியார்.

அன்று என் அழுகையைக் கேட்டுப் பெரியம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். சத்தம் போடவில்லை.

“ஜெயிச்ச புள்ளகிட்ட குடுங்க. இந்த வூட்ல ஒருத்தராவது ஜெயிச்சிட்டுப் போவட்டும்.”

பெரியப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் சீட்டுக்கட்டை என் பக்கம் தள்ளினார். எனக்காகத்தான் நியாயம் கேட்டாள் என்று பூரித்துப்போனேன். அந்த மாதம் முடிவதற்குள் வீட்டை விற்றுவிட்டு முதலியார்பேட்டையில் வாடகைக்குப் போனார்கள். பெரியப்பா பிரான்சில் காசினோவே கதியென்று கிடந்து, அதற்காக வாங்கிய கடனில் வீடு போனது என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது.

அன்று மதியம் முழுக்க நான்தான் பாங்க். சீட்டுகள் எல்லோருக்கும் தெரியும்படி விரித்தே கிடந்தன. பெரியப்பாவுக்குப் பத்தொன்பது. போதுமா என்று கேட்டேன்.

“இன்னொண்ணு போடு.”

தாண்டிவிட்டது. அடுத்த கையில் பதினெட்டு. அதற்கு மேலும் கேட்டார். ஆசு விழுந்து பத்தொன்பது ஆனபோது மறுபடியும் கேட்டார். “யாராவது இதுக்கு மேல கேப்பாங்களா பெரியப்பா?” என்று அண்ணன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை, சீட்டுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாணியெல்லாம் என் பாவாடை மடியில் வந்து சேர்ந்தது. பிள்ளைகளைச் சந்தோஷப்படுத்தப் பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்பார்கள் அல்லவா, அப்படித்தான் அவரும் எனக்காகத் தோற்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அவர் கேட்கக் கேட்கப் போட்டுக்கொண்டே இருந்தேன்.