மெரூன் காரும் அருள்ராஜும்

மதுரையில் என் பெண் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நூம்பலிலிருந்து என் மனைவி. "அருள்ராஜ் அண்ணன் போயிட்டாருங்க" என்றாள். பஸ் பிடித்து நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பாவி மனுஷன், எதையும் ஆற அமரச் செய்கிறவர், இதில் மட்டும் அவசரப்பட்டுவிட்டார்.

ஆவடியில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். ஓய்வு பெற்றதும் நூம்பலில் பக்கத்துப் பக்கத்து மனை வாங்கினோம். எனக்கு மனைவி இருந்தாள். அவர் மனைவி இறந்து, மகள் லில்லியும் கல்யாணமாகித் திருச்சிக்குப் போனபின், அவருக்குச் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு மெரூன் கார்தான் இருந்தது. அதில் கீறல் விழுந்தால் ஒர்க்‌ஷாப்புக்கு விடமாட்டார். "ஒரு கோட்டுக்குக் கதவு முழுக்கப் பெயின்ட் அடிக்கணும்ங்கறான் அண்ணாத்தே. இன்னா அநியாயம்!" என்பார். கீறலில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் சிக்காவிட்டால் டூத்பேஸ்ட் வைத்துத் துணியால் தேய்ப்பார். சிக்கினால் கார் நிறத்திலேயே நெயில் பாலிஷ் வாங்கிப் பூசுவார்.

அந்த நெயில் பாலிஷ்தான் வினையாயிற்று. கரையான்சாவடி ஃபேன்சி ஸ்டோரில் தன் கட்டைவிரல் நகத்தில் பூசிப் பூசி நிறம் பார்த்துக்கொண்டிருந்தவரை, சர்ச்சுக்கு வரும் ஒரு அம்மாள் பார்த்துவிட்டாள். "யாருக்குண்ணா?" என்று கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் சொல்ற மாதிரி இல்லம்மா" என்று சிரித்துவிட்டு வந்திருக்கிறார். வாய்க்கொழுப்பு! அடுத்த ஞாயிறு பூசைக்குள் ஊரே அவரை யாரோ ஒரு பெண்ணோடு முடிச்சுப் போட்டுவிட்டது. பேச்சு திருச்சிக்கும் எட்டியது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு லில்லி வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்யா" என்று சண்டை போட்டேன்.

"பெத்த பொண்ணு என்னை வந்து கேக்கட்டும். ஊரைக் கேட்டுகினு உக்காந்திருந்தா நான் இன்னா பண்றது?" என்றார். அந்த டிசம்பர்களில் வாசலில் நட்சத்திரம் கட்டினார், உள்ளே விளக்குப் போடவில்லை.

பிறகு ஒரு நாள் லில்லி வந்தாள், அம்மாவின் படத்தை எடுத்துப் போக. "இந்த ஊட்ல இனிமே அம்மாவுக்கு இன்னா வேல?" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கேட்டைத் திறந்தாள். அருள்ராஜ் காரோரம் தரையில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கதவில் நெயில் பாலிஷ் பூசிக்கொண்டிருந்தார். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதுக்கா நைனா வாங்கினே?"

"வேற எதுக்கு?"

பிரஷ்ஷைப் பிடுங்கினாள். "இவ்ளோ தடிப்பாவா பூசுவாங்க? மெல்லிசா வையி. காயட்டும். அப்பறம் இன்னொரு தடவ." அழுதுகொண்டேதான் பூசினாள். படம் சுவரிலேயே இருந்துவிட்டது.

அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்தாள். அப்பாவும் மகளும் காரோரம் உட்கார்ந்து அந்த வருடத்துக் கீறல்களை மூடுவார்கள். பூசி, காயவிட்டு, மறுபடி பூசி முடிக்கச் சாயங்காலமாகிவிடும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மனுஷன் மற்ற நாட்களைத் தள்ளினார். என் வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்காருவார். என்ன ஓடுகிறது என்றுகூடத் தெரியாது.

போன வருடம் அவர் சாவியால் கார்க் கதவில் கோடு போடுவதைப் பார்த்துவிட்டேன். "யோவ், பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன்.

வெட்கப்பட்டார். "கண்ணு சரியில்லன்னு வண்டியே எடுக்கறதில்ல அண்ணாத்தே. ஒரு கீறல்கூட விழல. அவ வந்து சும்மா உக்காந்துகினு இருந்துட்டு, மத்தியானமே கெளம்பிடுவா."

நேற்று அவர் வாசலுக்குப் போய் நின்றேன். கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, நட்சத்திரம் கட்ட ஆளில்லை. கார்க் கதவில் புதிதாகக் கோடுகள், போன வருடத்தைவிட அதிகம்.

லில்லி, காரை விற்க ஆள் பார்க்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். கீறலைக் காட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்பார்களே என்று கவலைப்பட்டாய். உன் அப்பாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்த ஒரு விஷயம்தான், அதையும் உன்னிடமே கொடுத்துவிடுகிறேன். அந்தக் கோடுகளைப் போட்டது அவர்தானம்மா. இந்த வருடம் நீ ராத்திரியும் தங்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.