அமெரிக்காவுக்கு இவர் ஏன் முக்கியம்?

ஒருவர் பார்க்கும் வேலை அமெரிக்காவுக்கே முக்கியம் என்று எழுதி நிரூபிப்பது என் தொழில். அதைப் புதுக்கோட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப் மாடியில் உட்கார்ந்து செய்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் ஒரு வக்கீலுக்காக, அங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு மனுக்களைத் தயாரித்துக் கொடுக்கிறேன். விசாவுக்காக ஒரு தடவையாவது அலைந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். "கெட்டிக்காரர், கம்பெனிக்கு நல்ல லாபம்" என்றால் போதாது. கம்பெனியைத் தாண்டி நாட்டுக்கு என்ன பயன் என்று குடியேற்ற அதிகாரிகள் கேட்பார்கள்.

அணையாத விளக்கு

குளத்தூர்க்காரர் செல்வராசு அமெரிக்காவில் மின்சார இன்ஜினியர். என்ன வேலை என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல கரண்டு லைனைப் பாத்துக்கிட்டிருக்கேங்க" என்பார். பேசிப் பேசித்தான் விஷயம் வெளியே வந்தது. புயலில் ஒரு பெரிய லைன் அறுந்தால் அந்தப் பாரம் பக்கத்து லைன்களில் ஏறும். அவையும் வரிசையாக விழுந்து மாநிலமே இருண்டுவிடும். கெட்டுப்போன பகுதியை மட்டும் கண் இமைப்பதற்குள் கத்தரித்துவிட்டு மற்றதைக் காப்பாற்றும் புரோகிராம் இவர் எழுதியது. போன புயலில் ஆஸ்பத்திரி உட்பட எத்தனையோ இடங்களில் விளக்கு அணையவே இல்லை. "இதை ஏங்க மொதல்லயே சொல்லல?" என்றேன்.

"கரண்டு போனாத்தான் எங்களத் தேடுவாங்க. போகாத ஊர்ல எங்க ஞாபகம் யாருக்குங்க வரும்?"

சோபாவில் ஒருவர்

பாத்திமா, கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருப்பவரின் மகள். கடலில் விழுந்தவரைக் காற்றும் நீரோட்டமும் எங்கே இழுத்துப் போகும் என்று கணித்து, தேடப் போகிறவர்களுக்குச் சொல்வது அமெரிக்காவில் அவர் செய்யும் ஆராய்ச்சி. மனு போட்டோம். 'ஒரு துறைமுகத்துக்கு உதவலாம், நாட்டுக்கு எப்படி?' என்று கேள்வி வந்தது. விசாக் காலம் முடியப்போகிறது. இது தவறினால் கணவரும் பள்ளிக்கூடம் போகும் மகளுமாக மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கிழக்கு, மேற்கு இரண்டு கரையிலும் மீட்புக் குழுக்கள் அவர் கணிப்பை நம்பித்தான் கிளம்புகின்றன என்று காட்ட வேண்டும். நானும் பாத்திமாவும் விசாரித்துக்கொண்டிருந்தபோது ஒரு மீட்பு அதிகாரி, அந்தக் கணிப்பால் பிழைத்த ஒரு மீனவரின் வீட்டையும் வீடியோ காலில் சேர்த்துவிட்டார். மீனவரின் மனைவிக்கு மனுவும் தெரியாது, சட்டமும் தெரியாது. போனைத் திருப்பிக் காட்டினார். சோபாவில் தாடிக்காரர் ஒருவர் சூப் குடித்துக்கொண்டிருந்தார். அந்தம்மா ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்:

"இதோ உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள். இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்?"

இங்கிட்டுக் கடல்

சட்டத்துக்கு ஒரு உயிர் போதாது. மீட்புக் குழுக்கள் சொன்னதையெல்லாம் சேர்த்து அனுப்பினோம், மனு ஏற்கப்பட்டது. கிரீன் கார்டு வரிசை நீளம்தான், ஆனால் விசாவை நீட்டித்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம். செய்தி கேட்டு, விசைப்படகுக்காரரான பாத்திமாவின் அத்தா பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்துவிட்டார். மகளுக்கு போன் போட்டுக் கொடுத்தேன். முகமெல்லாம் சிரிப்பு. ஆனாலும் கேட்டுவிட்டார்: "அங்கிட்டுக் கடலுக்குச் சரிம்மா. நம்ம பக்கம் யாராச்சும் விழுந்தா?"

ஸ்பீக்கரில் பாத்திமாவின் குரல் கேட்டது.

"அத்தா, நீங்க கடலுக்குப் போற அன்னைக்கெல்லாம் நான் இங்க நம்ம கடலுக்குத்தான் அந்தக் கணிப்பைப் போட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன்."

நாட்டுக்கே முக்கியமானவர்கள் இத்தனை பேரை எனக்குத் தெரியும். என்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் எங்கள் வீட்டில் "மாடியில டைப் அடிக்கிறாங்க" என்றுதான் இன்னமும் சொல்கிறார்கள்.