ரிப்பன் அக்காவின் ஆச்சரியங்கள்

"கொஞ்சம் கண்ண மூடிக்கோ" என்றார் ரிப்பன் அக்காவின் கணவர். எங்கள் கடையின் மூன்றாம் மாடியில், பரிசுப் பொருள்களுக்குத் தாள் சுற்றிக் கொடுக்கும் மேசைக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்.

"கண்ண மூடிட்டு எப்படிங்க கட்டுறது?" என்றார் அக்கா.

"கட்டிட்டு மூடிக்கோ."

"யாருக்கு இது?"

"யாருக்கோ. கேள்வி கேக்காத."

"பொம்பளைங்க கட்டுற வாட்ச். நாளைக்கு எனக்குப் பிறந்தநாள். நிஜமாவே வேற யாருக்காவதுன்னா இப்பவே சொல்லிடுங்க. உங்க கழுத்துக்கும் சேத்து ரிப்பன் வெட்டிடறேன்."

"எப்படித்தான் கண்டுபிடிக்கிறாளோ!" என்று அவர் என்னிடம் முறையிட்டார்.

"வாங்கின கடையிலயே கட்டிக் குடுத்திருப்பாங்களே?" என்றார் அக்கா.

"கட்டித் தர்றோம்னுதான் சொன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். உன்ன மாதிரி யாரு கட்டுவா?"

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அக்காவும் மறுபேச்சில்லாமல் கட்டினார். வாழ்த்து அட்டையை மட்டும் என் பக்கம் தள்ளினார். அட்டைகளில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுதித் தருவது என் வேலை.

"ரெண்டுலயும் எழுதிடும்மா. இவருக்கு எதுலயும் சொல்ல வராது."

அக்கா அந்த மேசையில் இருபத்திரண்டு வருடங்களாக இருக்கிறார். ஹேர் டிரையரால் சூடு காட்டி, விலைச் சீட்டை, ஒட்டியிருந்த தடமே தெரியாமல் உரித்துவிடுவார். சிலர் அதை உரிக்க வேண்டாம் என்பார்கள். மறந்து விட்டுப்போனது போல ஒரு ஓரத்தில் இருக்கட்டும் என்பார்கள். அக்கா முகம் மாறாமல் விட்டுவைப்பார்.

"நம்ம மேசைக்கு வர்றதுல பாதி கடமை, கால்வாசி பயம்" என்று ஒருநாள் சொன்னார்.

"மிச்சம்?"

"மிச்சம் மேலதிகாரிக்கு."

அவருக்கு வரும் பரிசுகளும் அதே மேசை வழியாகத்தான் வந்தன. பத்தாண்டு, இருபதாண்டுச் சேவைக்காகக் கடை கொடுத்த சுவர்க்கடிகாரங்களை, 'நாளை விழா, அவசரம்' என்ற குறிப்போடு மேலாளர் அவரிடமே அனுப்பினார். வெளியூரில் இருக்கும் மகள் எங்கள் கடைக்கே போன் செய்து புடவை எடுப்பாள். அம்மா கட்டினால்தான் அவளுக்கும் திருப்தி. வீட்டில் அக்கா பெட்டியைத் திறக்கும்போது கணவர் வீடியோ எடுப்பார். எல்லா வீடியோக்களிலும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அதிசயிப்பார். அந்த முகத்தைக் கடை லிஃப்ட்டின் கண்ணாடியில் ஒத்திகை பார்த்ததை நான் ஒருமுறை பார்த்துவிட்டேன்.

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாம ஒரு பெட்டியக் கையில வாங்கினதே இல்லடி" என்றார், பிடிபட்டவர் போல. சிரிக்கவில்லை.

"அவர்கிட்ட சொல்லிடலாமேக்கா?"

"சொன்னா அடுத்த வருஷமே செஞ்சிடுவாரு, பாவம். நான் சொல்லி வந்தா அது ஆர்டர்தானே?"

போன மாதம் எனக்கு வேறு கிளைக்கு மாற்றல் வந்தது. கடைசி நாளில் அக்கா எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். சொல்லவில்லை. படி இறங்கப் போனவளை மறுபடி கூப்பிட்டு, மேசையைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஒண்ணு கேக்கறேன், கேட்டதும் மறந்துடு. நல்லா மறந்த பிறகு, என்னைக்காவது உனக்காத் தோணினா, எனக்கு எதையாவது கோணல்மாணலாக் கட்டிக் கொண்டாந்து குடு. தோணலேன்னா வேணாம்."